கல்கியின் கதைகளும் கல்வெட்டுகளும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று இன்று நம் நாட்டில் ஒரு சிறுபிள்ளையைக் கேட்டாலும், "இராசராச சோழன்" என்று தயங்காது விடை கூறும். ஆனால், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே வினாவை அக்கோயில் வாயிலிலேயே நின்று கேட்டிருந்தால், இத்தகைய தெளிவான விடை கிடைத்திருக்குமோ என்பது ஐயம். தலபுராணம் கரிகாலச் சோழனைச் சுட்டிற்று. மக்கள் அவரவர் செவிவழிக் கேட்டதைக் கூறினர். இத்தனைக்கும் அக்கோயிலின் சுவரெல்லாம் எழுத்து. கட்டியவன் பெயரும், அவன் தந்த கொடையும், அவன் தமக்கையும் தேவியரும் தந்த கொடையும், விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கையும்கூட அங்கே பொறிக்கப்பட்டிருந்தன. கல் பேசிக்கொண்டுதான் இருந்தது. கேட்பார் இல்லை.

செர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் அக்கல்வெட்டுகளைப் படித்து 1891 முதல் நூலாக வெளியிடத் தொடங்கிய பின்னரே, கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது அறிஞருலகில் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. எனினும் அறிஞருலகில் நிலைபெறுவது வேறு. மக்கள் மனத்தில் நிலைபெறுவது வேறு. கல்வெட்டுத் தொகுதியைக் கையில் எடுப்பார் ஆயிரத்தில் ஒருவர்தாம் இருப்பர். கல்லில் உள்ளதைப் படிப்பது ஒரு பணி. படித்ததை ஊரார் செவியில் விழும்படி எடுத்துரைப்பது மற்றொரு பணி. இவ்விரண்டாவது பணியைத் தமிழில் வேறெவரினும் மிகுதியாகச் செய்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் யாது, அதனை நாம் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி மாணவர்களாகிய உங்களோடு சிறிது உரையாட விரும்புகிறேன்.

கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். திருச்சியில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் பயின்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் ஒத்துழையாமை அறைகூவல் அவர் செவியில் விழுந்தது. 1921இல் பள்ளியை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை ஏற்றார். பட்டம் ஏதும் பெறாத அவ்விளைஞர்க்கு, 1923இல் திரு.வி.க. ஆசிரியராக விளங்கிய 'நவசக்தி'யில் பணி கிடைத்தது. பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராசாசியோடு இருந்து, மதுவிலக்கிற்கென நடந்த 'விமோசனம்' இதழுக்கு உழைத்தார். அதன்பின் 'ஆனந்த விகடன்'. இறுதியாக 1941இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1954 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் பெரும்புகழ் பெறக் காரணமான மூன்று வரலாற்று நாவல்களும் அவருடைய இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளில் எழுதப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தமிழில் வரலாற்று நாவலைத் தொடங்கிவைத்தவர் கல்கி அல்லர். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இலேயே 'மோகனாங்கி' என்னும் நாவலை நாயக்கர் கால நிகழ்ச்சிகளைக் கொண்டு எழுதியிருந்தார். உலக இலக்கியத்தில் இவ்வகைக்கு வழிகாட்டியவர் ஸ்காத்துலாந்து நாட்டு வால்டர் ஸ்காட் என்பர். 1814இல் வெளிவந்த அவருடைய 'வேவர்லி', அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கிளர்ச்சி ஒன்றைப் பின்னணியாகக் கொண்டது. ஸ்காட் ஓர் உத்தியைக் கையாண்டார். பேரரசரையும் பெருந்தலைவரையும் கதையின் ஓரத்தில் நிறுத்தினார். பெயர் பெறாத ஓர் இளைஞனை நடுவில் விட்டார். அவன் கண்வழியே நாம் காலத்தைக் காணச் செய்தார். பிரெஞ்சு நாட்டு அலெக்சாந்தர் துமா, 1844இல் தம் 'மூன்று துப்பாக்கி வீர'ரில் இதே வழியைப் பின்பற்றி, விறுவிறுப்பை மிகுவித்தார். இவ்விருவரையும் கல்கி விரும்பிப் பயின்றவர். ஓலையோடு குதிரை ஏறி வரும் வந்தியத்தேவனைக் காணும்போது, துமாவின் துடுக்கான இளவீரன் நம் நினைவிற்கு வருவது இயல்பே. உத்தி மேலைநாட்டதாயினும், அதனுள் பெய்யப்பட்ட உயிர் காவிரிக்கரையது.

முதல் நாவலாகிய 'பார்த்திபன் கனவு' 1941 முதல் 1943 வரை தொடராக வந்தது. பல்லவர்க்குத் திறை செலுத்த மறுத்த சோழச் சிற்றரசன் ஒருவன் போரில் மடிகிறான். தன் நாடு ஒருநாள் உரிமையோடு தலைநிமிர வேண்டும் என்னும் கனவை மகனுக்கு விட்டுச் செல்கிறான். இக்கதை எந்த ஆண்டுகளில் எழுதப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது, தலைவர்கள் சிறைபுகுந்தனர், செய்தித்தாள்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு. கல்கியின் கதையை ஒட்டி எடுக்கப்பட்ட 'தியாகபூமி' திரைப்படம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அரசாங்கத் தடைக்கு ஆளாகியிருந்தது. நேரே சொல்ல இயலாத சொல்லை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பால் நின்று சொல்வதைத் தடுப்பார் யார்? சோழ இளவரசனின் ஏக்கம் தம்முடைய ஏக்கமே என்பதைப் படித்தவர் உணர்ந்திருப்பர். வரலாற்று நாவல் பழங்காலத்தைப் பற்றியது போலத் தோன்றினும், அது எழுதப்பட்ட காலத்தைப் பற்றியதும் ஆகும் என்னும் உண்மைக்கு இது நல்ல சான்று.

இரண்டாவது நாவல் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வந்தது. மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன், சாளுக்கியப் புலிகேசி ஆகிய மூவரையும் கொண்டது. ஆயனச் சிற்பியும் ஆடற்செல்வி சிவகாமியும் கற்பனை. ஆனால் அவர்கள் நடமாடும் நிலம் கற்பனை அன்று. புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒடுங்கச் செய்தான் என்று அவனுடைய புலவன் இரவிகீர்த்தி ஐஹொளே என்னும் ஊரில் 634இல் கல்லில் பொறித்துவைத்தான். அதற்கு மறுமொழியாக, மணிமங்கலம் முதலிய போர்களில் நரசிம்மவர்மன் பெற்ற வெற்றியைக் கூரம் செப்பேடு கூறுகிறது. 642ஐ ஒட்டி வாதாபி வீழ்ந்தது. அவ்வூர்ப் பாறையிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் உள்ளது. அப்படையெடுப்பில் சென்ற பரஞ்சோதியார், சிறுத்தொண்டராகப் பெரியபுராணத்தில் இடம்பெற்றுள்ளார். வெற்றி பெற்றவன் ஒரு கல்லில் எழுதினான். அடுத்து வென்றவன் மற்றொரு செப்பேட்டில் எழுதினான். இவ்விரு செருக்குரைகளுக்கும் நடுவே அகப்பட்டுத் துயருற்ற எளியோர் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்தக் கல்லும் பேசவில்லை. பேசாத அந்த இடத்தில்தான் கல்கி சிவகாமியை நிறுத்தினார். நாவலாசிரியன் கல்வெட்டாசிரியனுக்குச் செய்யும் உதவி இதுவே.

மூன்றாவதும் மிகப் பெரியதுமானது 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. புத்தகமானபோது ஐந்து பாகம். வார இதழ் வீட்டிற்கு வந்ததும் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாத பாட்டியும் அண்டை வீட்டாரும் சூழ்ந்திருந்து கேட்பர் என்று எங்கள் மூத்தோர் கூறுவர். அதற்கேற்ற நடை அவருடையது. வாக்கியம் சிறியது, சொல் எளியது, நகைச்சுவை இழையோடுவது, அதிகாரத்தின் முடிவில் மனம் அடுத்த வாரத்திற்கு ஏங்குவது. புலவர்க்கும் பாமரர்க்கும் ஒருங்கே விளங்கும் உரைநடை தமிழில் வளர்ந்ததற்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது.

அக்காலம் கல்கிக்கு ஏற்ற காலமாகவும் அமைந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர்களைப் பற்றிய தம் ஆங்கிலப் பெருநூலை 1935இலும் 1937இலும் வெளியிட்டிருந்தார். சதாசிவப் பண்டாரத்தார் தமிழிலேயே எழுதிய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதி 1949இல் வந்தது. அடுத்த ஆண்டே பொன்னியின் செல்வன் தொடங்கிற்று. ஆராய்ச்சியாளர் உழுது பண்படுத்திய நிலத்தில்தான் கதை விளைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கதை ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. இன்று அதனை வீராணம் என்கிறோம். 2004 முதல் சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரி அதுவே. வீரநாராயணன் என்பது முதற் பராந்தகனின் சிறப்புப் பெயர். அவ்வேரியின் தென்புறத்தே காட்டுமன்னார்கோயில். அதனை ஒட்டியது உடையார்குடி. அவ்வூர் அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஐந்து பாக நாவலின் மர்மம் முழுதும் அந்த ஒரு கல்வெட்டைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளது எனலாம். ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். பாண்டியன் தலைகொண்டவன் என்று பெயர் பெற்ற மாவீரன். அவன் இளமையிலேயே கொலையுண்டான். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவன் தம்பி அருள்மொழி அல்லன். சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன். உத்தமன் ஆட்சி முடிந்து, 985இல்தான் அருள்மொழி இராசராசனாக முடிசூடினான். அவனது இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைத் தருகிறது. சோமன், அவன் தம்பியாகிய பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் இரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்னும் பரமேசுவரன் ஆகியோர் அவர்கள். அவர்தம் உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டமையைக் கல்வெட்டு குறிக்கிறது. கொன்றவர் பெயர் கிடைத்துவிட்டது. ஏன் கொன்றனர் என்பதைக் கல் சொல்லவில்லை.

இங்கே வரலாற்றறிஞர் வேறுபடுகின்றனர். கொலை நடந்தது 970ஐ ஒட்டி. உத்தமன் ஆட்சியில் தண்டனை நடைபெற்றதாகச் சான்று காணோம். இராசராசன் ஆட்சியில்தான் காண்கிறோம். ஆகவே உத்தமனுக்கு இக்கொலையில் தொடர்பு இருந்திருத்தல் கூடும் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் இதனை ஏற்கவில்லை. உத்தமன் குற்றவாளியாயின், நாட்டு மக்களும் அரச குடும்பத்தாரும் அவனை ஏற்று அமைதியாக இருந்திருப்பரோ என்பது அவர் கருத்தின் போக்கு. பஞ்சவன் என்பது பாண்டியர்க்கு உரிய பெயராதலின், தலைகொய்யப்பட்ட வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கிய செயல் இது என்று கருதுவாரும் உண்டு. பின்வந்த ஆய்வாளர் சிலர், கல்வெட்டின் வாசகத்தை மீண்டும் நுணுகிப் படித்து, தண்டனை முதன்முதலாக அப்போதுதான் வழங்கப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை என்றும் வாதிட்டுள்ளனர். ஒரே கல்; ஒரே எழுத்து; நான்கு கருத்துகள். வரலாற்றுப் பாடம் என்பது ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வது என்று எண்ணும் மாணவர்கள் இதனைக் கருத வேண்டும். சான்றை எடைபோடுவதே வரலாறு.

வரலாற்றாசிரியன் நிற்க வேண்டிய இந்த இடத்தில்தான் நாவலாசிரியன் நடக்கத் தொடங்குகிறான். கல்கி பாண்டியரின் பழிவாங்கும் நோக்கத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு உருவமாக நந்தினியைப் படைத்தார். கொன்ற கை எவருடையது என்பதை மட்டும் முடிவுவரை மூடுதிரைக்குள் வைத்தார். சான்று எங்கே ஐயம் எழுப்புகிறதோ, அந்த ஐயத்தையே கதையின் அழகாக மாற்றிவிட்டார்.

இவ்வாறு நோக்கின், அவர்தம் கதைமாந்தரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், கல்லிலும் செப்பேட்டிலும் செயலோடு விளங்குபவர். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவியும், அன்பில் செப்பேட்டைப் பெற்ற அமைச்சர் அநிருத்தரும் இவ்வகையினர். அருள்மொழியின் தியாகமும் இத்தகையதே. குடிமக்கள் வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் அரசை மனத்தாலும் விழையேன் என்று அவன் இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அது 1905இல் கண்டெடுக்கப்பட்டது. இராசராசன் மகன் இராசேந்திரன் காலத்தது. நாவலின் ஐந்தாம் பாகத்திற்குத் 'தியாக சிகரம்' என்று பெயரிட இச்செய்தியே அடிப்படை. மகன் ஆட்சியில் தந்தையைப் புகழ்ந்து எழுதப்பட்ட சான்று அது என்பதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகையினர், கல்லில் பெயரளவில் மட்டும் உள்ளவர். வந்தியத்தேவன் இதற்கு எடுத்துக்காட்டு. தஞ்சைக் கோயில் கல்வெட்டு குந்தவையாரைக் குறிக்குமிடத்து, வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று சுட்டுகிறது. அவன் துடுக்கு, நாவன்மை, நட்பு, காதல் அனைத்தும் கல்கி அளித்தவை. பெயரொன்றைக் கல் தந்தது. பெருவாழ்வொன்றைக் கதை தந்தது.

மூன்றாம் வகையினர் முழுதும் கற்பனை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி ஆகியோர் இவர்கள். இவர்களைப் பற்றிய கல்வெட்டு யாதும் இல்லை. ஆயினும் படித்தவர் நெஞ்சில் அதிகம் தங்குபவர் இவர்களே. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சோழர் பற்றிய வினாவிற்கு, ஆதித்த கரிகாலன் இறப்புக்குப் பழுவூர் இளையராணியின் சூழ்ச்சியே காரணம் என்று அழகிய கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். அவனை அழைத்து, "இதனை எந்த நூலில் படித்தாய், தம்பி?" என்று வினவினேன். "பொன்னியின் செல்வன், ஐயா. ஐந்து பாகமும் படித்துவிட்டேன்" என்றான் பெருமிதத்தோடு. ஐந்து பாகம் படித்த பிள்ளையைக் கடிந்துகொள்ள எந்த ஆசிரியர்க்கு மனம் வரும்? மதிப்பெண் தர இயலவில்லை. பாராட்டாமல் இருக்கவும் இயலவில்லை. அவனிடம் ஒன்றே கூறினேன்: "கதையில் பழுவேட்டரையரைக் கண்டாய். பழுவூருக்குச் சென்று அவரையே ஒருமுறை கண்டு வா."

அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. பழுவேட்டரையர் கற்பனைக் குடியினர் அல்லர். அரியலூர்ப் பகுதியில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் ஆகிய ஊர்களில் அவர்களுடைய கோயில்களும் கல்வெட்டுகளும் உள்ளன. பராந்தகன் அக்குடியில் பெண் கொண்டான். அவர்கள் சோழர்க்காகப் போர் புரிந்தனர். இராசராசன் ஆட்சியிலும் பழுவேட்டரையர் பதவியோடு விளங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரசுக்கு எதிராகச் சதி செய்தனர் என்று எந்தக் கல்லும் கூறவில்லை. கதைக்கு ஒரு சதி வேண்டியிருந்தது. வலிமை வாய்ந்த குடி ஒன்றும் வேண்டியிருந்தது. கல்கி இவர்களை எடுத்துக்கொண்டார். இறுதியில் பெரிய பழுவேட்டரையரைப் பெருந்தன்மை உடையவராகவே உயர்த்திக் காட்டினார் என்பதும் உண்மை. எனினும் இன்று நம்மில் பலர், உண்மையில் வாழ்ந்து நாடு காத்த ஒரு குடியைச் சதிகாரர் என்றே நினைக்கிறோம். இறந்தோர் எழுந்து வந்து தம் பக்கத்தைச் சொல்ல இயலாது. உத்தம சோழன் நிலையும் இதுவே. அவர்களுக்கு நீதி வழங்கும் கடமை உயிரோடு இருக்கும் நம்முடையது. வரலாற்றையும் கற்பனையையும் பிரித்தறிதல் வெறும் தேர்வுக்கு உரிய திறமை அன்று, அஃது அறத்தின்பாற்பட்டது.

இதற்குக் கல்கியைக் குறை கூறலாமா? கூடாது என்பதே என் எண்ணம். அவர் தாம் எழுதுவது கதையென்று மறைத்தவர் அல்லர். தொடர்கதையின் ஊடேயே சற்று நிறுத்தி, அன்பில் செப்பேடு கிடைத்த வரலாற்றைப் படிப்போர்க்கு எடுத்துரைத்தவர். வாரந்தோறும் மர்மத்தை எதிர்நோக்கி இருந்தவரிடம் செப்பேட்டைப் பற்றிப் பேசத் துணிந்த எழுத்தாளர் எத்தனை பேர்? சான்று இருக்கும் இடத்தை அவர் விரல் நீட்டிக் காட்டினார். விரலை மட்டும் பார்த்துவிட்டு, அது காட்டிய இடத்தைப் பாராமல் திரும்பியது நம் தவறு.

மற்றொரு குறையும் கூறப்படுவதுண்டு. கல்கியின் உலகம் அரண்மனை உலகம். அரசரும் அரசியரும் அமைச்சரும் அங்கே நிறைந்துள்ளனர். ஏரி வெட்டியவனும் நெல் விளைத்தவனும் பின்னணியில் நிற்கின்றனர் என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஓர் ஊரவை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் எவ்வாறு தெரிந்தெடுத்தது, எவரெவர் தகுதியற்றவர் என்பதையெல்லாம் விரித்துரைக்கின்றன. நில அளவை, வரி, ஏரிப் பராமரிப்பு, வழக்கு, தண்டனை என மக்கள் வாழ்வு முழுதும் சோழர் கல்வெட்டுகளில் பரந்து கிடக்கிறது. இவை வாளும் காதலும் அல்ல. ஆகவே கதைக்குள் அதிகம் வரவில்லை. கதை விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் பின்வரும் எழுத்தாளரும் மாணவருமே.

பின்வந்தோர் பலர் அவர் திறந்த வழியில் நடந்தனர். சாண்டில்யன் 'யவன ராணி', 'கடல் புறா' என்று கடலையும் வாளையும் கொண்டு எழுதினார். அகிலன், இராசேந்திரனைத் தலைவனாக்கி எழுதிய 'வேங்கையின் மைந்த'னுக்கு 1963இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். விக்கிரமன், பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து 'நந்திபுரத்து நாயகி'யைத் தொடங்கினார். நா. பார்த்தசாரதி 'மணிபல்லவம்' படைத்தார். பாலகுமாரன் 'உடையார்' என்னும் பெருநாவலில் தஞ்சைக் கோயில் எழுந்த கதையைச் சொன்னார். கல்கிக்கு, அவர் மறைந்தபின் 1956இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது 'அலை ஓசை'க்கு. அது விடுதலைக் காலத்தைப் பற்றிய நாவல், மன்னர் கதை அன்று. அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியதால், எவரும் எளிய விலையில் பெற முடிகிறது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னம் பொன்னியின் செல்வனை இரு பாகமாகத் திரைப்படமாக்கியபோது, தமிழ் அறியாதாரும் சோழர் பெயரை உச்சரித்தனர். நம் இல்லங்களில் அருள்மொழி என்றும் வானதி என்றும் பூங்குழலி என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோம். அவற்றுள் பூங்குழலி வாழ்ந்த ஒருத்தியின் பெயர் அன்று. கல்கியின் மனத்தில் பிறந்தவள். ஓர் எழுத்தாளன் ஒரு மக்களின் நினைவுக்குள் எவ்வளவு ஆழமாகப் புகக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மாணவர்களே, கல்கியின் நாவல்களை நீங்கள் அவசியம் படியுங்கள். முதன்முறை கதைக்காகவே படியுங்கள். இடையில் எந்த ஆராய்ச்சியும் வேண்டா. கதையின் இன்பத்தை இழந்தவன் அதன் பயனையும் இழப்பான். இரண்டாம் முறை படிக்கும்போது கையில் ஓர் ஏடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பத்தி கோடிட்டு, கல் கூறியது எது, கல் பெயரளவில் தந்தது எது, கல்கியின் கற்பனை எது என்று குறித்து வாருங்கள். ஐயம் தோன்றுமிடத்தில் பண்டாரத்தாரையும் நீலகண்ட சாஸ்திரியாரையும் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். மூன்றாவதாக, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பழங்கோயிலின் சுவரைச் சென்று பாருங்கள். அங்கேயும் எழுத்து இருக்கலாம். சுண்ணாம்பு பூசி மறைத்தும், மணலை வீசித் தேய்த்துத் துலக்கியும், திருப்பணி என்ற பெயரால் நாம் அழித்த எழுத்துகள் கணக்கிலடங்கா. மிச்சமிருப்பதையேனும் உங்கள் தலைமுறை காக்க வேண்டும். அழிந்த எழுத்தைக் கற்பனையால் நிரப்பலாம், மீட்க இயலாது.

உடையார்குடியின் அந்தச் சிறு கல்வெட்டு அழிந்திருந்தால், இரவிதாசன் என்ற பெயரை எவரும் அறிந்திருக்க மாட்டோம். பொன்னியின் செல்வனும் இன்றைய உருவில் தோன்றியிராது. கதை கல்லினால் வாழ்ந்தது. கல்லும் கதையினால் மக்கள் மனத்தில் வாழ்கிறது. கல்கி நமக்குத் தந்தது வரலாறு அன்று, வரலாற்றின்மேல் ஒரு தாகம். தாகத்தைத் தந்தவர் ஆற்றங்கரை வரை வழியும் காட்டிவிட்டார். நீரைக் கையால் அள்ளிப் பருக வேண்டியவர்கள் நீங்கள்.